வெளிநாட்டு யூனிவர்சிட்டில நம்மளோட படிச்சவங்களுக்கு விருது கிடைச்சா எப்படி வாழ்த்தறது: முழுமையான வழிகாட்டி

கூடப் படிச்ச ஒருத்தருக்கோ, அதே யூனிவர்சிட்டில நமக்கு முன்னாடியோ பின்னாடியோ படிச்ச ஒருத்தருக்கோ பெரிய விருது கிடைச்சிருக்குன்னு செய்தி வருது, உடனே அலுமினி வாட்ஸாப் க்ரூப்ல கைதட்டற ஸ்டிக்கர் போட்டுட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடறோம். அந்த க்ரூப்ல பெரும்பாலும் விருது வாங்கினவரே இருக்க மாட்டார். இருந்தாலும் நூறு ஸ்டிக்கருக்கு நடுவுல அனுப்பினது யாருன்னு அவருக்குத் தெரியப்போறதில்ல.

அலுமினி சாப்டர்ல, அதாவது முன்னாள் மாணவர் சங்கத்தோட கிளைல, வாழ்த்துகளைச் சேகரிச்சு ஒழுங்குபடுத்தி அனுப்பற வேலையை நான் பல வருஷமா பாத்துட்டு வர்றேன். புதுசா இந்த வேலைக்கு வர்றவங்க தடுமாறற இடங்கள் கிட்டத்தட்ட ஒண்ணே தான். வாக்கியம் அமைக்கத் தெரியாம யாரும் மாட்டிக்கிறதில்ல, எழுத உக்காரறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியதைப் பாக்காம எழுதி மாட்டிக்கிறாங்க, அதனால இந்த வழிகாட்டில பாதி எழுதறதுக்கு முந்தின வேலையைப் பத்தி தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

விருதோட முழுப் பேரு, எதுக்காகக் கொடுத்தாங்கன்னு கொடுத்தவங்களே சொன்ன ரெண்டு வரி, அவர் இப்ப தன் பேரை எப்படி எழுதறார்ங்கறது, அவரோட டிபார்ட்மென்ட்டும் வருஷமும், அப்புறம் உங்களுக்கும் அவருக்கும் நிஜமா என்ன தொடர்புன்னு ஒரே ஒரு வாக்கியம். இது அஞ்சும் ஒரு தாள்ல எழுதி முடியற வரைக்கும் மெயிலைத் திறக்காதீங்க. மெயிலைத் திறந்துட்டு நடுவுல தேடப் போனா அவசரத்துல முதல்ல கண்ணுல பட்ட செய்தில இருக்கிறதையே எடுத்துப் போட்டுடுவோம், தப்பு நுழையறது அந்த இடத்துல தான்.

1. விருதைப் பத்தி அதைக் கொடுக்கிறவங்க கிட்டயே பாருங்க

செய்தித் தலைப்பை மட்டும் நம்பாதீங்க. விருது கொடுக்கிற அமைப்போட சொந்த வெப்சைட்டுக்குப் போங்க, அங்க சைட்டேஷன்னு ஒண்ணு ரெண்டு வரில காரணம் போட்டிருப்பாங்க. வாழ்த்துல எழுதறதுக்கு விஷயம் கிடைக்கிறதே அந்த ரெண்டு வரில இருந்து தான், அதனால அப்படியே காப்பி பண்ணி வெச்சுக்கங்க.

அடுத்து, எந்தக் கட்டத்துல இருக்குன்னு பாருங்க. லாங்லிஸ்ட்டா (முதல் நீளப் பட்டியல்), ஷார்ட்லிஸ்ட்டா (அதுல இருந்து வடிகட்டின சின்னப் பட்டியல்), ஃபைனலிஸ்ட்டா, ஜெயிச்சாச்சா. புக்கர் பரிசுல ஷார்ட்லிஸ்ட்டுக்கு 6 புத்தகம் தான் வரும், அதுல இடம் பிடிச்சதே வாழ்த்தத் தகுந்த விஷயம், ஆனா அவருக்கு "புக்கர் ஜெயிச்சதுக்கு வாழ்த்துகள்"னு போச்சுன்னா அவர் உக்காந்து "இன்னும் முடிவு வரலைங்க"ன்னு விளக்கம் எழுதணும், அப்புறம் கடைசில ஜெயிக்கலைன்னா உங்க மெயில் அவருக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்.

நாமினேஷன் விஷயத்துல இன்னும் கவனம் வேணும். ஆஸ்கர்ல நாமினேஷனை அதிகாரப்பூர்வமா அறிவிக்கிறாங்க, அதுக்குத் தாராளமா வாழ்த்தலாம். நோபல்ல யாரை யார் பரிந்துரைச்சாங்கங்கற விவரத்தை 50 வருஷத்துக்கு வெளியிட மாட்டாங்க, அதனால "நம்ம சீனியர் நோபலுக்கு நாமினேட் ஆகியிருக்கார்"னு ஃபார்வர்டு வந்தா அதை வெச்சு வாழ்த்து எழுதாதீங்க.

பேரையும் சரியா எடுத்துக்கங்க. பொருளாதார நோபல்னு நாம சொல்றது ஸ்வீடனோட மத்திய வங்கி 1968ல ஆல்ஃப்ரெட் நோபல் நினைவா ஏற்படுத்தின பரிசு. பேச்சுல எப்படி வேணா சொல்லலாம், சாப்டர் பேர்ல போற ஃபார்மல் லெட்டர்ல முழுப் பேரு இருக்கணும்.

பகிர்ந்து கொடுத்த விருதான்னும் பாருங்க. ஒரு நோபல் பரிசை அதிகபட்சம் 3 பேர் பகிர்ந்துக்கலாம், பெஸ்ட் பேப்பர் அவார்டுன்னா, அந்த ஆராய்ச்சிக் கட்டுரையைச் சேர்ந்து எழுதினவங்க எல்லாருக்கும் சேர்த்துத் தான். அவர் ஒருத்தரே வாங்கின மாதிரி நீங்க எழுதினா அவருக்குத் தான் சங்கடம், ஏன்னா அந்த மெயிலை அவர் தன் டீம்கிட்ட காட்ட முடியாது. "உங்களுக்கும் கூட வேலை செஞ்சவங்களுக்கும்"னு நாலு வார்த்தை சேர்த்தா முடிஞ்சது.

ரொம்ப அபூர்வமா நடக்கிற ஒண்ணு, ஆனா நடந்தா பெரிய தர்மசங்கடம்: விருதை அவர் ஏத்துக்கிட்டாரான்னு பாருங்க. கணித மேதை பெரல்மான் 2006ல ஃபீல்ட்ஸ் மெடலை வேண்டாம்னுட்டார், பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்ர் 1964ல இலக்கிய நோபலை மறுத்தார். அறிவிப்பு வந்த அடுத்த நிமிஷமே பாய்ஞ்சு எழுதாம கொஞ்சம் பொறுத்தா இதெல்லாம் தானா தெளிவாயிடும்.

2. விருது வாங்கினது அவர் தானான்னு உறுதி பண்ணுங்க

ஒரே பேர்ல பல பேர் இருப்பாங்க, அதுவும் நம்ம பேர்கள்ல இனிஷியலை விரிச்சு எழுதும்போது முன்னுக்குப் பின்னா மாறிடும், அதனால பேரு ஒத்துப்போகுதுங்கறது போதாது. விருது அமைப்பு வெளியிட்ட பயோவுல படிச்ச இடம் போட்டிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அவரோட சொந்தப் பக்கத்துல இருக்கிற சி.வி.ல பாருங்க. யூனிவர்சிட்டி பேர்லயும் ஏமாறுவோம், கிட்டத்தட்ட ஒரே பேர்ல ரெண்டு மூணு யூனிவர்சிட்டி இருக்கு, ஓஹையோ யூனிவர்சிட்டி வேற, ஓஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டி வேற.

இதுல எவ்வளவு தூரம் தப்பு போகும்ங்கறதுக்கு 2009ல நடந்ததையே பாருங்க. வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் கிடைச்சப்ப அவர் அண்ணாமலை யூனிவர்சிட்டில படிச்சார்னு செய்தி பரவிச்சு. அவர் பிறந்தது சிதம்பரம், ஆனா சின்னக் குழந்தையா இருந்தப்பவே குடும்பம் அங்கிருந்து போயிடுச்சு, பட்டம் வாங்கினது பரோடாவுல, பிஎச்டி ஓஹையோ யூனிவர்சிட்டில. தன் படிப்பைப் பத்தி இல்லாததைப் போடறாங்கன்னு அவரே வருத்தப்பட்டுச் சொன்னார். அதோட, பல வருஷமா தொடர்புல இல்லாதவங்க எல்லாம் திடீர்னு எழுதறாங்க, மெயில் பாக்ஸ் அடைச்சுப் போய் முக்கியமான மெயில்களைத் தேடி எடுக்க முடியலைன்னும் வெளிப்படையா சொன்னார். அது அப்ப நிறைய பேரைக் காயப்படுத்திச்சு, ஆனா நிதானமா யோசிச்சா அவர் நிலைமை புரியும். வாழ்த்து எழுதற ஒவ்வொருத்தரும் இதை மனசுல வெச்சுக்கிட்டு எழுதணும்னு நான் நினைக்கிறேன். எழுதாதீங்கன்னு இதுக்கு அர்த்தம் கிடையாது, அவருக்குப் பாரமா இல்லாத மாதிரி எழுதுங்கன்னு அர்த்தம்.

3. பேட்ச் வருஷத்தைக் கணக்குப் போடாதீங்க, கேட்டுத் தெரிஞ்சுக்கங்க

அமெரிக்க யூனிவர்சிட்டில கிளாஸ் ஆஃப் 2008னா படிச்சு முடிச்ச வருஷம். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ்ல சேர்ந்த வருஷத்தை வெச்சுத் தான் தங்களைச் சொல்லிக்குவாங்க, கூடவே எந்த காலேஜ்ங்கறதும் முக்கியம், யூனிவர்சிட்டி பேரை மட்டும் போட்டா வெளியாள் எழுதின மாதிரி இருக்கும். கொரியாவுலயும் சேர்ந்த வருஷம் தான் கணக்கு, யார் சீனியர் யார் ஜூனியர்ங்கறது அதை வெச்சே முடிவாகும்.

இது தெரியாம "நீங்க எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியர்"னு எழுதினா, நிஜத்துல அவர் சீனியரா இருப்பார். சந்தேகம் இருந்தா வருஷத்தை விட்டுட்டு "நான் இருந்த அதே சமயத்துல தான் நீங்களும் அங்க இருந்தீங்க"ன்னு எழுதிடுங்க, யாருக்கும் உறுத்தாது.

4. பேரு, பட்டம், கூப்பிடற விதம்

வெளிநாட்டு யூனிவர்சிட்டில பல நாட்டுக்காரங்க இருப்பாங்க, அதனால நம்மூர்ப் பழக்கத்துல பேரைப் பிரிக்கக் கூடாது. சீனா, கொரியா, ஹங்கேரில குடும்பப் பேரு முன்னாடி வரும். வியட்நாம்லயும் அப்படித்தான், ஆனா மரியாதையா கூப்பிடறது கடைசில இருக்கிற சொந்தப் பேரை வெச்சு. ஸ்பானிஷ் பேர்ல பொதுவா ரெண்டு குடும்பப் பேரு, கடைசியில இருக்கிறதை மட்டும் எடுத்துப் போட்டா அது அம்மா வழிப் பேரா நிக்கும். ஐஸ்லாந்துல முதல் பேரைச் சொல்லித் தான் எல்லாரையும் கூப்பிடுவாங்க. எழுத்துக்கு மேல புள்ளி, கோடு இருந்தா நீங்களா டைப் பண்ணாம அவரோட பக்கத்துல இருந்து காப்பி பண்ணுங்க.

கல்யாணத்துக்கு அப்புறமோ வேற காரணத்துக்கோ பேரு மாத்தியிருக்கலாம். படிச்ச காலத்துல நீங்க கூப்பிட்ட பேரு மனசுல இருக்கும், அதையே எழுதத் தோணும், ஆனா இப்ப அவர் எந்தப் பேர்ல இருக்காரோ அந்தப் பேரை எழுதறது தான் மரியாதை.

பட்டத்துல ரெண்டு விஷயம். பிரிட்டன்ல சர்ஜன்களை டாக்டர்னு போடாம மிஸ்டர், மிஸ்னு போடறது வழக்கம், அவங்களுக்கு அது பெருமையான விஷயம். அதே மாதிரி வெளிநாட்டுக் குடிமகனுக்கு கௌரவ நைட்ஹுட் கொடுத்தா அவர் சர்னு போட்டுக்க முடியாது, நீங்க ஆர்வத்துல போட்டுடாதீங்க. பத்ம விருதுகளையும் பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ பட்டமா போடக் கூடாது, சுப்ரீம் கோர்ட் 1995லயே இதைத் தெளிவா சொல்லிடுச்சு. "பத்மஸ்ரீ" சேர்த்துக் கூப்பிட்டா அவருக்குப் பெருமைன்னு நினைச்சு பேனர் அடிக்கிறவங்க இதைக் கட்டாயம் கவனிக்கணும்.

தமிழ் பேசற சீனியரா இருந்தா, கேம்பஸ்ல என்ன சொல்லிக் கூப்பிட்டீங்களோ அதையே தொடருங்க. அண்ணான்னு கூப்பிட்டவரை இப்ப போய் "மதிப்பிற்குரிய முனைவர் அவர்களுக்கு"ன்னு ஆரம்பிச்சா அவரை நீங்களே தள்ளி நிறுத்தற மாதிரி ஆயிடும். பழக்கமே இல்லாதவர்னா புரொஃபசர், டாக்டர், சார், மேடம் எது பொருத்தமோ அது, திடீர்னு அண்ணா அக்கா வேண்டாம்.

5. எங்க அனுப்பறதுன்னு முடிவு பண்ணுங்க

என் வரிசை இது: உங்க கிட்ட ஏற்கனவே இருக்கிற அவரோட சொந்த மெயில், அது இல்லைன்னா வேலை இடத்து மெயில், அதுவும் இல்லைன்னா அலுமினி ஆபீஸ் வழியா, கடைசியா லிங்க்ட்இன்.

படிக்கும்போது இருந்த யூனிவர்சிட்டி மெயில் ஐடிக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருக்காதீங்க, பல யூனிவர்சிட்டில படிப்பு முடிஞ்ச கொஞ்ச நாள்ல அதை மூடிடுவாங்க. மூடின ஐடிக்குப் போன மெயில் சில சமயம் திரும்பிக்கூட வராது, நீங்க போய்ச் சேர்ந்துடுச்சுன்னே நினைச்சுக்கிட்டு இருப்பீங்க.

அலுமினி ஆபீஸ்கிட்ட "அவரோட மெயில் ஐடி கொடுங்க"ன்னு கேக்காதீங்க, தர மாட்டாங்க. ஐரோப்பாவுல 2018 மே மாசத்துல இருந்து தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கிற ஜிடிபிஆர் சட்டம் இருக்கு, மத்த நாடுகள்லயும் இந்த மாதிரி கட்டுப்பாடுகள் உண்டு. அதுக்குப் பதிலா "இந்தக் கடிதத்தை அவருக்கு ஃபார்வர்டு பண்ண முடியுமா"ன்னு கேளுங்க, பெரும்பாலும் செஞ்சு தருவாங்க, ஏன்னா முன்னாள் மாணவர்களைச் சேர்த்து வெக்கறது தான் அவங்க வேலையே. கேக்கும்போதே கடிதத்தையும் இணைச்சுடுங்க, இல்லைன்னா அங்க இங்கன்னு மெயில் ஓடியே ரெண்டு வாரம் போயிடும்.

லிங்க்ட்இன்ல பழக்கமில்லாதவருக்கு கனெக்‌ஷன் ரிக்வெஸ்ட்டோட போற குறிப்பு ரொம்பச் சின்னது. தமிழ்ல எழுதினா இன்னும் சுருங்கும், ஏன்னா கணினி எண்ணும்போது "நீ"ங்கற ஒரு எழுத்து ரெண்டு கேரக்டர். அதனால முழு வாழ்த்தையும் அதுல திணிக்கப் பாக்காம, யார் நீங்க, எந்த விருது, வாழ்த்துகள்னு மூணு துண்டு மட்டும் எழுதுங்க. அந்தத் தளமே ரெடியா வெச்சிருக்கிற வாழ்த்து பட்டனை மட்டும் அமுக்கறதுக்குப் பேசாம இருந்துடலாம்.

போன் மட்டும் வேண்டாம், நெருக்கமானவரா இருந்தாலொழிய. விருது அறிவிச்ச அன்னிக்கு அவர் போனை எடுக்கிற நிலைமைல இருக்க மாட்டார், வேற டைம் சோன்ல தூங்கிட்டுக்கூட இருக்கலாம்.

6. எப்ப அனுப்பறது

அதிகாரப்பூர்வ அறிவிப்புக்கு முன்னாடி வேண்டவே வேண்டாம். உள்ளுக்குள்ள யாரோ சொல்லி உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருந்தாலும் வாயைத் திறக்காதீங்க, பல விருதுகள்ல அறிவிப்பு வர்ற வரைக்கும் வெளில சொல்லக் கூடாதுன்னு வாங்கறவர் கிட்டயே சொல்லி வெச்சிருப்பாங்க, நீங்க க்ரூப்ல போட்டா பழி அவர் மேல விழும்.

நெருங்கின நண்பர்னா அன்னிக்கே ரெண்டு வரி. மத்தவங்க மூணு நாலு நாள் கழிச்சு எழுதறது தான் நல்லது, முதல் அலை ஓய்ஞ்சப்புறம் வர்ற மெயிலை அவர் நிதானமா படிப்பார். விருது வழங்கற விழா பல சமயம் மாசக் கணக்குல தள்ளி இருக்கும், நோபலை அக்டோபர்ல அறிவிச்சு டிசம்பர் 10ல தான் கொடுக்கிறாங்க, அதனால அறிவிப்பை விட்டுட்டவங்க விழா சமயத்துல எழுதலாம். ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சாலும் எழுதுங்க, "இப்பத்தான் தெரிஞ்சது"ன்னு ஒரு வரி போதும், லேட்டானதுக்கு ஒரு பாரா மன்னிப்பு எழுதினா வாழ்த்து உங்களைப் பத்தினதா மாறிடும்.

7. எழுதற வரிசை

முதல் வரில நீங்க யாரு. இதைக் கடைசில வெக்கறது தான் நான் அதிகமா பாக்கற தப்பு. "இந்த மகத்தான தருணத்தில்"னு ஆரம்பிச்சு நாலு வரி புகழ்ச்சி, அதுக்கப்புறம் தான் பேரு. படிக்கிறவர் அந்த நாலு வரியும் "இது யாரு"ன்னு யோசிச்சுக்கிட்டே தான் படிப்பார், எழுதினது எதுவும் மனசுல ஏறாது. சந்திச்சதில்லைன்னா சந்திச்சதில்லைன்னே சொல்லிடுங்க, அது மரியாதைக் குறைவே கிடையாது.

ரெண்டாவது, விருதோட பேரு, எதுக்காகங்கறது. சைட்டேஷன்ல இருக்கிறதை அப்படியே ஒப்பிக்காம உங்க வார்த்தைல.

மூணாவது தான் முழு மெயிலோட உயிர்: அவர் செஞ்ச வேலைல ஒரு குறிப்பிட்ட விஷயம் உங்களை எப்படித் தொட்டுச்சுங்கறது. "உங்க சாதனை எங்களுக்கெல்லாம் ஊக்கம்"னு யாருக்கு வேணா எழுதலாம், அதனாலயே அது யாருக்கும் போய்ச் சேராது. அவரோட துறை உங்களுக்குப் புரியலைன்னா பயப்படாதீங்க, பொது வாசகர்களுக்காக அவர் கொடுத்த ஒரு பேட்டியைப் பாத்துட்டு அதுல உங்களுக்குப் புரிஞ்ச ஒரு இடத்தைப் பத்தி எழுதுங்க. புரியாததைப் புரிஞ்ச மாதிரி எழுதறது மட்டும் கூடாது, அவர் அந்த வேலைல இருபது வருஷம் இருந்தவர், ஒரே வரில கண்டுபிடிச்சுடுவார்.

நாலாவது, பொதுவான நினைவு ஒண்ணே ஒண்ணு, இருந்தா மட்டும். அப்புறம் வாழ்த்து. கடைசில "பதில் எழுதணும்னு இல்ல". இந்தக் கடைசி வரியை நிறைய பேர் தயங்கித் தயங்கித் தான் சேக்கறாங்க, பதில் வராமலே போயிடுமோன்னு. ஆனா குவிஞ்சு கிடக்கிற மெயில்களுக்கு நடுவுல நீங்க அவருக்குக் கொடுக்கிற நிஜமான பரிசு அது தான், அதைப் படிச்சதும் அவர் தோள்ல இருந்து ஒரு வேலை இறங்குது.

பழக்கமே இல்லாதவருக்கு எழுதினா இப்படி இருக்கலாம்:

"வணக்கம் புரொஃபசர். உங்க டிபார்ட்மென்ட்லயே உங்களுக்கு ஆறு வருஷம் கழிச்சு மாஸ்டர்ஸ் படிச்சவ நான், நாம நேர்ல சந்திச்சதில்ல. நிலத்தடி நீர்ல ஆர்செனிக் இருக்கான்னு கண்டுபிடிக்கிற உங்க டெஸ்ட் கிட்டுக்கு விருது கிடைச்சதைப் படிச்சேன். பயிற்சி இல்லாதவங்ககூட பயன்படுத்தற அளவுக்கு அதை எளிமையாக்கினீங்க பாருங்க, குடிநீர்ப் பரிசோதனைல வேலை செய்றவங்கற முறைல அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் உங்க டீமுக்கும் மனசார வாழ்த்துகள். பதில் எழுதணும்னு அவசியமில்ல."

லேசா பழக்கம் உள்ளவருக்கு:

"ஒரே வருஷம் கிராஜுவேட் ஹவுசிங்ல மூணாவது மாடில இருந்தோம், லாண்ட்ரி ரூம்ல உக்காந்து நீங்க தீசிஸ் திருத்திட்டு இருப்பீங்க, ஞாபகம் இருக்கான்னு தெரியல. அன்னிக்கு நீங்க திருத்திட்டு இருந்த அதே ஆராய்ச்சி தான் வளர்ந்து இந்த விருது வரைக்கும் வந்திருக்குன்னு சைட்டேஷனைப் படிச்சப்ப தெரிஞ்சது, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. வாழ்த்துகள், பதிலுக்கு மெனக்கெட வேண்டாம்."

நெருக்கமானவருக்கு நான் மாதிரி கொடுக்க மாட்டேன், உங்க ரெண்டு பேரோட பேச்சு மொழிலயே எழுதுங்க. டேய்னு கூப்பிடற நண்பனுக்கு டேய்னு தான் போகணும். ஒண்ணு மட்டும், கிண்டல் மட்டுமே பண்ணிட்டு விட்டுடாதீங்க, "உன்னை நினைச்சா பெருமையா இருக்குடா"ங்கற வரியை ஒரு தடவையாவது நேரா எழுதுங்க. அந்த வேலைக்குப் பின்னாடி இருந்த கஷ்டத்தைப் பாத்தவங்க நீங்க தான், அந்த வரியை உங்களை விட்டா வேற யாரும் எழுத முடியாது.

மொத்தமா எட்டு பத்து வரிக்கு மேல போகாம பாத்துக்கங்க. எழுதி முடிச்சதும் அவர் பேரை எடுத்துட்டு வேற ஒருத்தர் பேரைப் போட்டுப் படிங்க. அப்பவும் மெயில் பொருந்திச்சுன்னா இந்த வரிசைல மூணாவதா சொன்னதை நீங்க செய்யலைன்னு அர்த்தம், திரும்ப எழுதுங்க.

8. எதைக் கேக்கக் கூடாது: எதையுமே

ரெஸ்யூமே இணைக்கிறது, "என் பையன் அங்க அப்ளை பண்றான்"ங்கறது, ரெகமெண்டேஷன் லெட்டர், சாப்டர் விழாவுக்கு சிறப்பு விருந்தினரா வரச் சொல்றது, ஸ்காலர்ஷிப் ஃபண்டுக்கு நன்கொடை, ஒரு வீடியோ மெசேஜ், "ஒரு பதினஞ்சு நிமிஷம் ஜூம்ல பேசலாமா". இது எதுவும் வாழ்த்து மெயில்ல வரக் கூடாது. ஒரே ஒரு கோரிக்கை இருந்தாலும் மேல எழுதின பத்து வரியும் அந்தக் கோரிக்கைக்கான முன்னுரையா தான் தெரியும், நீங்க நிஜமாவே சந்தோஷப்பட்டு எழுதியிருந்தாலும் சரி.

சாப்டர் பொறுப்புல இருக்கிறவங்க இதுல தான் அதிகமா சறுக்கறாங்க, ஏன்னா விழாவுக்குப் பேச்சாளர் தேடற அழுத்தம் அவங்களுக்கு இருக்கு. கேக்க வேண்டியது இருந்தா விருது விழா எல்லாம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் போகட்டும், தனி மெயில், தனி சப்ஜெக்ட் லைன், அதுல இந்த விருதைக் காரணமா காட்டாம நேரா விஷயத்தைக் கேளுங்க.

இன்னொண்ணு, "உங்களால நம்ம யூனிவர்சிட்டிக்கே பெருமை", "உங்களால நம்ம இனத்துக்கே பெருமை"ங்கற மாதிரி வரிகள். அன்புல தான் எழுதறோம், ஆனா ராப்பகலா வேலை செஞ்சது அவர். பெருமையை முதல்ல அவர் கிட்டயே விட்டுடுங்க. யூனிவர்சிட்டியைப் பத்தி அவரே நன்றியோட பேசினா அப்ப சந்தோஷமா சேர்ந்துக்கலாம்.

9. பொதுவுல போடறதுன்னா

முதல்ல தனி மெயில், அதுக்கப்புறம் பப்ளிக் போஸ்ட். வரிசை மாறினா அவர் தன்னைப் பத்தின வாழ்த்தை வேற யாரோ ஷேர் பண்ணிப் பாப்பார்.

பழைய குரூப் போட்டோ போடணும்னா கேட்டுட்டுப் போடுங்க, அவரை மட்டும் கேட்டா போதாது, அதுல இருக்கிற மத்தவங்களையும் கேக்கணும். விழா போட்டோன்னா எடுத்தவங்க பேரைப் போடுங்க, இல்லைன்னா விருது அமைப்போட போஸ்ட்டையே ஷேர் பண்ணிடுங்க. யூனிவர்சிட்டி முத்திரையை வெச்சு நீங்களா போஸ்டர் டிசைன் பண்ணாதீங்க, அது பதிவு செஞ்ச அடையாளம், சாப்டருக்குத் தனியா கொடுத்த லோகோ இருந்தா அதை மட்டும் பயன்படுத்துங்க.

மனித உரிமை, பத்திரிகை, அரசியல் சம்பந்தப்பட்ட விருதுகள்ல டேக் பண்றதுக்கு முன்னாடி அவர் கிட்ட கேட்டே ஆகணும். விருது அவருக்கு வெளிநாட்டுல கிடைச்சிருக்கும், குடும்பம் இன்னும் சொந்த நாட்டுல இருக்கும், நம்ம உற்சாகம் அவங்களுக்கு ஆபத்தா முடியக் கூடாது.

10. எல்லாரும் சேர்ந்து அனுப்பறதுன்னா

ஒருத்தர் மட்டும் பொறுப்பு எடுத்துக்கங்க, கடைசி தேதியை முதல்லயே சொல்லிடுங்க. யார் வேணா எடிட் பண்ணலாம்னு ஷேர்டு டாக்குமென்ட் திறந்து விட்டா வாழ்த்து வளர்ந்துக்கிட்டே போகும், யாரும் அனுப்ப மாட்டாங்க, கண் முன்னாடி நடந்ததைப் பாத்திருக்கேன்.

பொதுக் கடிதம் அஞ்சு வரி போதும். அதுக்குக் கீழ ஒவ்வொருத்தரும் பேரு, டிபார்ட்மென்ட், வருஷம், தன்னோட சொந்த வரி ஒண்ணு. அவர் நிஜமா படிக்கப் போறது அந்த ஒத்தை வரிகளைத் தான். பேர் வரிசையை அகர வரிசைல போட்டுடுங்க, பதவி வரிசைல போட்டா அங்கயே ஒரு மனஸ்தாபம் ஆரம்பிக்கும். மெயில்ல எல்லாரையும் சி.சி.ல போடாதீங்க, ஒருத்தர் ரிப்ளை ஆல் அமுக்கினா அத்தனை பதிலும் விருது வாங்கினவர் தலைல தான் விழும்.

யூனிவர்சிட்டி அலுமினி பத்திரிகைல கிளாஸ் நோட்ஸ் மாதிரி, முன்னாள் மாணவர்கள் பத்தின செய்தி போடற பகுதி இருந்தா அதுக்கும் செய்தி அனுப்பலாம், அவர் சம்மதத்தோட. அச்சு இதழ்னா மாசக் கணக்குல முன்னாடியே முடிச்சுடுவாங்க, அதனால கடைசி தேதியை முதல்ல விசாரிச்சுடுங்க.

11. சிக்கலான சில சந்தர்ப்பங்கள்

காசு கட்டினா கிடைக்கிற விருதுன்னு தெரிஞ்சா: என்ட்ரி ஃபீஸ், மேடை ஏற ஃபீஸ், கோப்பைக்கு ஃபீஸ்னு வாங்கற அமைப்புகள் நிறைய இருக்கு, அவருக்கே அது தெரியாம இருக்கலாம். விருதைப் பத்திப் பேசாம அவர் செய்ற வேலையை மட்டும் பாராட்டி ரெண்டு வரி எழுதுங்க. அந்த மெயில்ல எச்சரிக்கை எல்லாம் வேண்டாம், நெருக்கமானவரா இருந்தா பின்னாடி நேர்ல பேசிக்கலாம்.

அதே விருதுக்கு நீங்களும் போட்டி போட்டிருந்தா: அதைக் குறிப்பிடவே குறிப்பிடாதீங்க. பெருந்தன்மையா சொல்றோம்னு நினைச்சுச் சொன்னாலும் அவர் உங்களை ஆறுதல்படுத்தற நிலைமைக்கு வந்துடுவார்.

இறந்தவருக்கு விருது கிடைச்சிருந்தா குடும்பத்துக்கு எழுதுங்க, வாழ்த்துகள்ங்கற வார்த்தை இல்லாம. அவரோட வேலை மறக்கப்படலைங்கறதுல சந்தோஷம்னு சொல்லி, அவர் கூட படிச்ச காலத்து நினைவு ஒண்ணு எழுதினா போதும். குடும்பத்துக்குத் தெரியாத ஒரு மாணவப் பருவ நினைவு உங்க கிட்ட இருந்தா அதைக் கட்டாயம் எழுதுங்க, அவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு எழுதினவங்களுக்குப் பதில் வர்றப்ப தான் புரியும்.

12. அனுப்பினதுக்கு அப்புறம்

பதில் வரலைன்னா விட்டுடுங்க. "என் மெயில் கிடைச்சுதா"ன்னு ஃபாலோ அப் அனுப்பினா, பதில் வேண்டாம்னு நீங்க எழுதினது பொய்யாயிடும். படிச்சிருப்பார், பதில் எழுத நேரம் இருந்திருக்காது.

நன்றின்னு ஒத்தை வார்த்தைல பதில் வந்தா அதோட நிறுத்திக்கலாம், அதுக்கு மேல ஒரு நன்றி வேண்டாம். நீளமா எழுதியிருந்தார்னா, அவர் ஏதாவது கேட்டிருந்தார்னா, ரெண்டு நாளைக்குள்ள பதில் போடுங்க. அவர் எழுதினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து க்ரூப்ல போடாதீங்க, உங்களுக்குன்னு தனியா எழுதினது அது. சாப்டர் சார்பா நீங்க அனுப்பியிருந்தா மட்டும் "எல்லார் வாழ்த்தும் கிடைச்சது, எல்லாருக்கும் நன்றி சொன்னார்"னு ஒரு வரி சொல்லிடுங்க, அவர் முகவரியையும் மெயில் ஐடியையும் மறைச்சே வெச்சுக்கங்க, யார் கேட்டாலும் சரி.